அகமதாபாத்தில் பார்க்க வேண்டியவையும் இனிப் பார்க்க முடியாததும்

இந்தியாவுக்குப் போகிற நம்மவர்களின் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். நாகூர், ஏர்வாடி, வசதியுள்ளவர்களுக்கு அஜ்மீர், அதோடு சேர்த்து டில்லி, ஆக்ரா. சென்ற டிசம்பர் விடுமுறையில் நானும் என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியரும் அகமதாபாத்துக்குப் புறப்பட்டபோது, "அங்க என்ன ஈக்கி?" எண்டுதான் எல்லோரும் கேட்டார்கள். தாஜ்மகாலைப் போல ஒரே கட்டடத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாத ஊர் அது. ஆனால், பள்ளிவாசல் என்பது ஓர் ஊரின் மண்ணோடும் கைத்தொழிலோடும் எப்படிச் சேர்ந்து வளரலாம் என்று அறிய விரும்புபவருக்கு அதைவிட நல்ல பாடசாலை கிடையாது. கொழும்பிலுள்ள போரா, மேமன் குடும்பங்களின் வேர் குஜராத்தில் இருப்பதால், நமக்கு அது முற்றிலும் அந்நியமான இடமும் அல்ல.

1411இல் சுல்தான் முதலாம் அஹ்மத் ஷா சபர்மதி ஆற்றங்கரையில் இந்நகரை அமைத்தார். அசர் தொழுகையை ஒருநாளும் தவறவிடாத நான்கு அஹ்மதுகள் சேர்ந்து அடிக்கல் நாட்டினார்கள் என்பது அங்கு வழங்கும் கதை. அவர்களில் ஒருவர் சுல்தான். இன்னொருவர் சர்கேஜில் அடங்கியிருக்கும் ஷெய்கு அஹ்மத் கட்டு. பின்னாளில் வந்த ஜஹாங்கீருக்கு ஊர் பிடிக்கவில்லை. 'கர்தாபாத்', அதாவது தூசு நகரம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். தூசு இப்போதும் குறையவில்லை. மூக்குக்கு ஒரு துண்டு கொண்டுபோவது நல்லது. பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ 2017இல் உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுதான்.

பத்ரா கோட்டையில் தொடங்கி நடப்பது வசதி. கோட்டைக்குப் பக்கத்தில் 1414இல் கட்டிய அஹ்மத் ஷா பள்ளி இருக்கிறது. அங்கிருந்து தீன் தர்வாஸா என்ற மூன்று வளைவு வாசலைக் கடந்தால், சந்தை இரைச்சலுக்கு நடுவே 1424இல் கட்டிமுடித்த ஜாமிஉ பள்ளி. மஞ்சள் மணற்கல்; பரந்த முற்றம்; நடுவில் ஹவ்ழ்; உள்ளே 260 தூண்கள். 1819ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் மினாராக்களின் மேற்பகுதி விழுந்துவிட, அடிப்பகுதி மட்டும் நிற்கிறது.

அந்த அடிப்பகுதியைத்தான் கிட்டப் போய்ப் பார்க்கோணும். குஜராத்துக் கோயில்களின் வெளிச்சுவரில் சிலை நிற்கும் மாடங்கள் உண்டு. அதே மாடம், அதே செதுக்கு வேலை இங்கேயும் இருக்கிறது; சிலை நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் கொடியும் பூவும் தொங்கு விளக்கும். கோயில் கட்டிப் பழகிய அவ்வூர்க் கல்தச்சர்களின் வேலை அது. அவர்களுடைய தொழிலைச் சுல்தான்கள் மாற்றச் சொல்லவில்லை, தவ்ஹீதுக்குப் பொருந்தாத ஒன்றை மட்டும் விடச் சொன்னார்கள் என்றே எனக்குப் படுகிறது. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. ஆரம்பகாலப் பள்ளிகளில், முக்கியமாக அஹ்மத் ஷா பள்ளியில், பழைய கோயில்களிலிருந்து எடுத்துவந்த தூண்களும் நிற்கின்றன. ஒரு தூணில் சமஸ்கிருத எழுத்தே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு.

ஜாமிஉ பள்ளியின் கிழக்கு வாசலால் வெளியேறினால் அஹ்மத் ஷாவின் கப்று. தெருவுக்கு அப்பால் அரசிகளின் கப்றுகள். அவற்றைச் சுற்றி மாணிக் சௌக் சந்தை: பகலில் நகைக்கடை, இரவில் சாப்பாட்டுக் கடை. இறைச்சிச் சாப்பாடு தேடுபவர்கள் தீன் தர்வாஸாவுக்குக் கிட்ட உள்ள பட்டியார் கலிக்குப் போகலாம்.

சிதி சையத் பள்ளிக்கு அசருக்குப் பிறகு போங்கள். சின்னப் பள்ளி, இன்று வாகன நெரிசலுக்கு நடுவே கிடக்கிறது. கட்டியவர் ஆபிரிக்காவின் அபிசீனியாவிலிருந்து வந்த வழியினர், 'சிதி' என்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர். காலம் 1572–73, அக்பரின் படை குஜராத்தைப் பிடித்த அதே நேரம். கிப்லாப் பக்கம் மேற்கு என்பதால், சாயும் வெயில் அந்தச் சுவரின் கல் சன்னல்களூடாக உள்ளே விழுகிறது. ஒரு சன்னலில் ஈச்ச மரத்தைக் கொடிகள் பின்னிப் படர்கின்றன. கல்லைச் செதுக்கியது என்று மனம் ஒப்பாது, நூலால் பின்னியது மாதிரி இருக்கும். நடுச் சன்னலில் மட்டும் வேலைப்பாடில்லை. வெறும் கல்லால் அடைத்திருக்கிறார்கள். ஆட்சி கவிழ்ந்ததால் வேலை நின்றது என்கிறார்கள். பிரித்தானியர் காலத்தில் இந்தப் பள்ளி அரசாங்கக் கந்தோராகவும் இருந்தது. இன்று அந்த மரச் சன்னல்தான் நகரத்தின் அடையாளம். அங்குள்ள முகாமைத்துவ நிறுவகத்தின் இலச்சினையும் அதிலிருந்து வந்ததுதான்.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ப் பழைய பள்ளி ஞாபகம் வருகிறது. முகப்பில் நின்ற முதிரை மரத் தூண்களை விறகு விலைக்குத்தான் விற்றார்கள். இப்போது நிற்பது எந்த நாட்டிலும் நிற்கக்கூடிய ஒரு பள்ளி. இடம் போதாது என்ற காரணம் உண்மைதான். ஆனால் தூண்களையாவது வைத்திருக்கலாம்.

ராணி சிப்ரி பள்ளியும் (1514) ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஆடும் மினாராக்களும் ஒரு காலை நேரத்துக்குள் முடிந்துவிடும். மினாராவில் ஏறி ஆட்டிப் பார்க்க இப்போது விடுவதில்லை.

அசார்வாவில் உள்ள தாதா ஹரீர் படிக்கிணற்றை விட்டுவிட வேண்டாம். சுல்தான் மஹ்மூத் பேகடாவின் அரண்மனையில் பொறுப்பிலிருந்த பாய் ஹரீர் என்ற பெண்மணி 1499ஆம் ஆண்டளவில் கட்டுவித்தது. படியிறங்க இறங்க வெயில் விலகிக் குளிர் ஏறும். உள்ளே சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டு, அரபியில் ஒன்று. தண்ணீர் குடிக்க வருபவர் எவருக்கும் விளங்கட்டும் எண்டு நினைத்தார் போலும்.

சர்கேஜ் ரவ்ழா நகரத்துக்குத் தென்மேற்கே 8 கிலோமீற்றரளவில். 1451இல் முடிந்த ஷெய்கு அஹ்மத் கட்டுவின் சியாரம், பள்ளி, பெரிய குளம், குளக்கரையில் மாளிகைகள், மஹ்மூத் பேகடாவின் கப்று. பள்ளியில் வளைவே கிடையாது, தூணும் உத்திரமும்தான். பிள்ளைகள் முற்றத்தில் பட்டம் விடுகிறார்கள், பெண்கள் நிழலில் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காணாது.

கடைசியாக ஓர் இடம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் வராது. உருதுக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் வலீ அகமதாபாத்தில் 1707இல் காலமானார். பாரசீகத்தில் எழுதுவதே கௌரவம் என்றிருந்த டில்லிக் கவிஞர்களைப் பேச்சுமொழியின் பக்கம் திருப்பியவை அவருடைய கஸல்கள். நமது உமறுப் புலவரின் காலத்தவர். எட்டயபுரத்தில் உமறுவின் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. வலீயின் கப்று, சாஹிபாக் பகுதியில் பொலிஸ் ஆணையாளர் அலுவலகத்துக்குக் கிட்ட இருந்தது. 2002 வன்செயலின்போது அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில நாட்களுக்குள் அதன் மேல் தார் ஊற்றி வீதி போடப்பட்டுவிட்டது. குஜராத்தைப் பிரிந்த துயரத்தைப் பாடிய கவிஞர் அவர்.

அந்த இடத்தில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னோம். நிறுத்த வசதியில்லை, பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவுக்குள் இருந்தபடியே பாத்திஹா ஓதினோம்.