பிள்ளைகளின் நொறுக்குத் தீனி: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பள்ளி முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் பலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வழியிலுள்ள கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் காலி செய்துவிடுகிறார்கள். அம்மா சோற்றைப் போட்டுக் கூப்பிட்டால், "பசிக்கலம்மா" என்று பதில் வருகிறது. தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும் இது தெரிந்த கதைதான்.

நொறுக்குத் தீனியே கூடாது என்று தடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. எதை, எவ்வளவு, எப்போது கொடுக்கலாம் என்று பெற்றோர் தெரிந்து வைத்திருந்தால் போதும். அதற்கான விவரம் பெரும்பாலும் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் எடையைப் பாருங்கள்

பின்பக்கத்தில் 'மக்லுமாட் பெமாக்கானான்' என்ற தலைப்பில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 100 கிராமுக்கு எவ்வளவு சத்து என்றும், ஒரு தடவை பரிமாறும் அளவுக்கு எவ்வளவு என்றும் எண்களைக் கொடுத்திருப்பார்கள். ஏமாறுவது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

60 கிராம் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரிமாறும் அளவு 20 கிராம் என்றும், அதில் 108 கலோரி, 6.4 கிராம் கொழுப்பு, 160 மில்லிகிராம் சோடியம் என்றும் போட்டிருக்கிறது. பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும். ஆனால், எந்தப் பிள்ளையும் 20 கிராம் தின்றுவிட்டு மீதியை மூடி வைப்பதில்லை. முழுப் பாக்கெட்டுக்கு எல்லாவற்றையும் மூன்றால் பெருக்க வேண்டும். அப்போது 324 கலோரி, 19 கிராம் கொழுப்பு, 480 மில்லிகிராம் சோடியம் என்று ஆகிறது. அந்தக் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி எண்ணெய்க்குச் சமம்.

சோடியத்தை உப்பாக மாற்றும் கணக்கு

லேபிளில் 'நாத்ரியம்' அல்லது 'சோடியம்' என்று இருப்பதை உப்பாக மாற்ற 2.5 ஆல் பெருக்கினால் போதும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. மேலே சொன்ன பாக்கெட்டில் 1.2 கிராம் உப்பு இருக்கிறது.

பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனின் சுகாதார ஆலோசனை. அப்படிப் பார்த்தால், பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்த ஒரு பாக்கெட்டிலேயே ஒரு நாள் உப்பில் 40 விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. வீட்டுக் குழம்பு, பொரியல், கருவாடு எல்லாம் இனிமேல்தான். சிறு வயதில் உப்புக்குப் பழகிய நாக்கு பெரியவனானதும் அதையேதான் கேட்கும். உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் கூடும்.

இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடும்போது 100 கிராமுக்கான எண்ணை மட்டும் பாருங்கள். பிரிட்டனின் அளவுகோலில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் அதிகம். 120 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு. கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் அதுவும் அதிகம்தான்.

முன்பக்கத்து வாசகங்கள்

'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வாசகம் பலரைக் கவர்கிறது. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. செம்பனை எண்ணெயில் பொரித்த பண்டத்திலும் அது இருக்காது. ஆனால், அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. 'அஜினோமோட்டோ சேர்க்கவில்லை' என்றால் உப்பு குறைவு என்று பொருளல்ல. சாதாரண உப்பிலேயே சோடியம் நிறைய இருக்கிறது. பொரிக்காமல் அடுப்பில் வாட்டிய பண்டத்தில் எண்ணெய் குறையலாம், உப்பு குறையாமல் இருக்கலாம்.

காய்கறிப் படம் போட்டிருந்தால் 'ரமுவான்' என்ற சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். மாவும் எண்ணெயும் முன்னால் நின்று, காய்கறித் தூள் கடைசியில் வந்தால், அந்தப் படத்தை நம்ப வேண்டியதில்லை.

மலேசியாவில் சுகாதார அமைச்சு 2017-இல் 'பிலிஹான் லெபே சிஹாட்' என்ற சின்னத்தை அறிமுகப்படுத்தியது. அது உள்ள பண்டம் அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றைவிடப் பரவாயில்லை என்று பொருள். எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று பொருளல்ல.

நம் பண்டம் என்றால் நல்லதா?

ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தேவும் தீபாவளி முறுக்கும் நமக்குப் பெருமைதான். கடலை, பருப்பு வகைகளில் செய்தவற்றில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. சோள மாவை ஊதி உப்ப வைத்த பண்டத்தைவிட அந்த வகையில் இவை மேல். ஆனாலும், பொரித்த எண்ணெயும் தூவிய உப்பும் இவற்றிலும் இருக்கின்றன. வீட்டில் செய்து விற்கும் பாக்கெட்டில் சத்து விவரம் இல்லாமல் போகலாம். அப்போது ஒரு பிடியைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். காகிதம் எண்ணெயில் ஊறினாலோ, விரலில் உப்பு ஒட்டினாலோ, அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

பெரிய பாக்கெட்டைப் பிள்ளையின் கையில் அப்படியே கொடுக்காமல், சின்னக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்கள். சோற்று வேளைக்கு முன்னால் வேண்டாம். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தின்னட்டும். கூடவே தண்ணீர் கொடுங்கள், இனிப்பு பானம் வேண்டாம். வாரத்தில் சில நாட்கள் வாழைப்பழம், அவித்த சோளம், மரவள்ளிக் கிழங்கு, கடலைச் சுண்டல், அவித்த முட்டை என்று மாற்றிக் கொடுக்கலாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் பாக்கெட்டைக் கொடுத்து, "இதில் சோடியம் எவ்வளவு, எனக்குப் படித்துச் சொல்" என்று கேளுங்கள். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட்டுக் குறைவானதைப் பிள்ளையே எடுக்கட்டும். கடைக்குத் தனியாகப் போகும் வயதில் அந்தப் பழக்கம் அவனுக்குத் துணையாக இருக்கும்.