பொறியியல் தேர்வு: எந்தப் பாடத்துக்கு எந்த முறை?

2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் தன் செமஸ்டர் தேர்வை ஒரு மணி நேரக் கொள்குறி வினாத் தேர்வாக இணையத்தில் நடத்தியது. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா வழியே மென்பொருள் கண்காணிக்கும். கள்ளக்குறிச்சி நகரில் இருந்த மாணவர் இதை ஒருவாறு சமாளித்திருக்கலாம். ஆனால் அதே மாவட்டத்துக் கல்வராயன்மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் செல்போன் சிக்னல் எட்டாத ஊர்கள் உண்டு. அங்கே வீடு இருப்பவருக்குப் பாடம் தெரியுமா என்பதற்கு முன்னால் சிக்னல் கிடைக்குமா என்பதே தேர்வாகிவிடும். அந்தத் தேர்வில் பலரது முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. புகார்கள் குவிந்தன, மறுதேர்வு வந்தது. அதை மூன்று மணி நேரம் தாளில் எழுதினார்கள்.

கொள்குறி முறையே தவறு என்று இதற்குப் பொருளில்லை. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகளைக் கணினியில் கேட்டு, விடையை எண்ணாக நிரப்பச் சொல்லியும் சோதிக்கிறது. பாடத்தின் அகலத்தை அளக்க அது நல்ல கருவி. ஆனால் ஒரு கான்கிரீட் உத்திரத்தை வடிவமைக்கும் கணக்கில் நடுவே ஒரு குறி தவறினால் கொள்குறியில் பூஜ்யம். எழுத்துத் தேர்வில் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. பொறியாளரின் சிந்தனை அந்தப் படிகளில்தான் தெரிகிறது.

எழுத்துத் தேர்வுக்கும் நோய் உண்டு. பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்தே இரண்டு மதிப்பெண், பதிமூன்று மதிப்பெண் கேள்விகளைக் கடந்துவிட முடிகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2018இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை, நினைவாற்றலைச் சோதிப்பதிலிருந்து பகுத்தாய்வுக்கு நகரச் சொன்னது. புத்தகம் திறந்து எழுதும் தேர்வையும் ஒரு வழியாகக் காட்டியது. நம் கல்லூரிகளுக்கு இது அந்நியமும் அல்ல. கட்டடவியல் மாணவர் ஐ.எஸ். 456 கையேட்டோடும், இயந்திரவியல் மாணவர் பி.எஸ்.ஜி. டேட்டா புக்கோடும் தேர்வறைக்குள் போவது பழைய வழக்கம்.

இன்டர்னல் மதிப்பெண் இன்னொரு பக்கம். அண்ணா பல்கலையின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு அது 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. ஒரே நாளில் எல்லாம் கவிழாமல் இது காக்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி அளவுகோல் மாறுவதுதான் குறை.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்துவிட்டது. மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. அவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்: வடிவமைப்புப் பாடங்களுக்குப் புத்தகம் திறந்த எழுத்துத் தேர்வு வேண்டும். அடிப்படைகளைச் சோதிக்கக் கல்லூரிக் கணினியிலேயே குறுகிய கொள்குறித் தேர்வு போதும். லேபுக்குச் செய்முறையும் வைவாவும். சொந்த செல்போனை நம்பி வீட்டிலிருந்து எழுதும் தேர்வு வேண்டவே வேண்டாம். ஆசிரியர்களே, செமஸ்டரின் முதல் வாரத்திலேயே தேர்வு முறையைச் சொல்லி, மாதிரி வினாத்தாள் ஒன்றை மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.