சும்மா இருக்கும் மூளை என்ன செய்கிறது?

கேட்டது மறந்துபோனால் வயதின் மேல் பழி போடுகிறோம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மைக்கேலா டெவர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது. முதியவர்களுக்கு இரண்டு சிறுகதைகள் சொன்னார்கள். ஒரு கதை முடிந்ததும் இருட்டறையில் 10 நிமிடம் சும்மா இருக்க விட்டார்கள். மற்றது முடிந்ததும் இரு படங்களுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். 7 நாள் கழித்தும், ஓய்வுக்கு முன் கேட்ட கதைதான் அதிகம் நினைவிலிருந்தது. ஏனென்றால் புதிய நினைவு உடனே கெட்டிப்படுவதில்லை. சற்றுமுன் பதிந்ததை மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மறுபடி ஓட்டிப்பார்த்து உறுதியாக்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதற்குள் அடுத்த செய்தி வந்து விழுந்தால் அந்த வேலை கெடுகிறது.

சும்மா இருப்பது சோம்பல்தானே என்பார்கள். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. கணக்குப் போடும்போது அந்தச் செலவு கூடுவது சொற்பமே. நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. பேருந்து வரும்வரை, பால் பொங்கும்வரை நேரம் இருக்கத்தான் செய்கிறது. அதை ஃபோனுக்குத் தாரைவார்த்துவிட்டோம். வலுவான மறுப்பு வேறு: 2014இல் உளவியலாளர் டிமோதி வில்சன் குழுவின் சோதனையில், தனியே சும்மா உட்கார வைக்கப்பட்ட 18 ஆண்களில் 12 பேர் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்! சும்மா இருப்பது சுகமானதல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பயனற்றது என்று அதற்குப் பொருளில்லை. பாடம் படித்து முடித்த பிள்ளையின் கையில் உடனே ஃபோனைக் கொடுக்காதீர்கள். 10 நிமிடம் சும்மா விடுங்கள்.