பழுது அட்டையிலா, றீடரிலா?

மெமறி காட் எனும் நினைவக அட்டை விரல் நகமளவே ஆயினும், கலியாணம், பிறந்தநாள், பிள்ளைகளின் பள்ளி விழா ஆகிய அனைத்தின் படங்களும் அதனுள் அடங்கிவிடுகின்றன. அதனை றீடரிற் செருகி, லினக்ஸ் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் மாட்டியபின் திரையில் ஒன்றுமே தோன்றாவிடின் நெஞ்சு பதைப்பது இயல்பே. ஆயினும், படங்கள் அழிந்தன எனத் துயருறுமுன் பழுது எங்கேயுள்ளது என்று அறிதல் வேண்டும்.

முதற்கண், வேறோர் அட்டையை அதே றீடரில் இட்டுப் பார்ப்போம். அதுவும் தோன்றாவிடின் ஐயம் றீடர் மீதே செல்லும். இரவல் அட்டை கிடையாதாயின் கணினியையே வினவலாம். லினக்ஸ் தனக்குள் நிகழ்வதை மறையாது உரைக்கும் இயல்புடையது.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எல்-எஸ்-யூ-எஸ்-பி எனத் தட்டுக. றீடரை மாட்டுமுன் ஒருமுறையும், மாட்டியபின் ஒருமுறையும் இதனைச் செய்க. புதிய வரி தோன்றவில்லையெனின், கணினி றீடரையே காணவில்லை. அட்டையைக் குறைகூற இடமில்லை. இடையிலுள்ள ஹப்பை நீக்கி, வேறொரு துளையில் நேரே மாட்டிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, டி-எம்-ஈ-எஸ்-ஜி எனும் கட்டளை. சில கணினிகளில் இதற்கு முன்னால் எஸ்-யூ-டி-ஓ என்றும் சேர்த்தல் வேண்டும். இறுதி வரிகளில் ‘எரர் -71’ எனும் குறிப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், கணினிக்கும் றீடருக்கும் இடையே பேச்சு முறிகின்றது என்பதே பொருள். கம்பி, துளை, றீடரின் உட்சுற்று ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும்.

றீடர் தோன்றுகின்றது, அட்டை மட்டும் தோன்றவில்லையா? எல்-எஸ்-பி-எல்-கே எனும் கட்டளையில் அட்டையின் கொள்ளளவு காணப்படுகின்றதா என நோக்குக. காணாவிடின் அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் செருகலாம். றீடரின் வயதையும் எண்ணவேண்டும். 2006ஆம் ஆண்டில் எஸ்.டி.எச்.சி. அட்டைகள் வந்தன, அதற்கு முந்திய வகைக்கென அமைந்த றீடர்கள் இவற்றை வாசிக்கமாட்டா.

கொள்ளளவு தெரிந்தும் படங்கள் திறக்கவில்லையெனின், றீடர் பெரும்பாலும் குற்றமற்றது. 64 ஜி.பி. அட்டைகள் வழக்கமாக எக்ஸ்ஃபாட் எனும் அமைப்பில் வருவன. லினக்ஸ் கருநிரல் இதனைத் தானே வாசிக்கத் தொடங்கியது 2019இல் வெளிவந்த 5.4ஆம் பதிப்பிலிருந்தே. பழைய பதிப்பு வைத்திருப்போர் அதற்கான மென்பொருளைத் தனியே நிறுவவேண்டும்.

ஒன்றை மட்டும் மறவற்க. ‘ஃபோர்மற் செய்யவா?’ எனக் கணினியோ கமராவோ கேட்பின், ‘வேண்டாம்’ என்பதே நமது விடையாதல் வேண்டும். அட்டையே பழுதெனத் தெரிந்தாற்கூட, டிடி-றெஸ்கியூ மூலம் முழுப்பிரதி எடுத்து, அப்பிரதியில் ஃபோட்டோறெக் கொண்டு படங்களைத் தேடலாம். புதிய படம் எதனையும் அவ்வட்டையில் எடுத்தலாகாது. பழையவற்றின் மேல் அது பதிந்துவிடும். றீடர் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கலியாண நாளை மீண்டும் எங்கே வாங்குவது?