மலையகமும் வைத்தியச் செலவும் – 7: பதின்மூன்றாம் தரத்துக்குப் பிறகு

தோட்ட டிஸ்பென்சரிகளின் நிலையைச் சென்ற வாரம் பார்த்தோம். டிஸ்பென்சரியால் ஒன்றும் செய்ய முடியாத நோய்களும் இருக்கின்றன. அப்படி ஒரு நோய் கெம்பஸ் போன பிள்ளைக்கு வந்தால்?

ஹல்துமுல்லையில் கொழும்பு பஸ் ஏறினால் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக ஏ4 வீதியே மஹரகமவில் கொண்டுபோய் விடும். அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. கட்டில், டாக்டர், சத்திரசிகிச்சை எல்லாம் இலவசம். அந்த இலவசம் இல்லாவிட்டால் லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று உயிரோடு இருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு ஸ்கேனை வெளியே எடுத்து வரும்படி துண்டு கொடுத்தாலோ, 2022 நெருக்கடியில் நடந்ததுபோல மருந்து கையிருப்பில் இல்லாமல் போனாலோ, காசு வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பிள்ளையோடு வாட்டில் நிற்கும் நாளில் அம்மாவுக்குப் பேர் விழாது. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர். முதலில் தோடு அடகுக்குப் போகும். அடுத்து, சீட்டுப் பிடிப்பவரிடம் போய்ச் சீட்டுக்காசை முன்கூட்டியே கேட்பார்கள்.

பாடசாலைப் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. 2017இல் வந்த சுரக்ஷா, 2 இலட்சம் ரூபா மாணவர் காப்புறுதியாகத் தொடங்கியது. 2022 இறுதியில் நின்றுபோய், 2024இல் திரும்ப வந்தது. பதின்மூன்றாம் தரம் முடிந்ததும் அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை காத்திருக்கும் மாதங்களிலும் அது இல்லை. உள்ளே போன பிறகும் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும் அது சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்குமே போதாது.

இந்த இடைவெளி பெரிய அநியாயம். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் நோயால் படிப்பை விட்டால், பின்னால் வரும் தம்பி தங்கைகளின் நம்பிக்கையும் உடைந்துபோகும். இதைச் சரிசெய்வது முடியாத காரியமுமில்லை. இருபது வயதில் பெருநோய் வருவது அரிது. அதனால் மாணவர் எல்லோரையும் ஒரே குழுவாகச் சேர்த்துக் காப்புறுதி செய்தால் தலைக்கு விழும் கட்டணம் சிறியதாகவே இருக்கும். சுரக்ஷாவைப் பட்டம் பெறும் நாள்வரை நீட்ட வேண்டும். தொழிற்பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரைக்கும் இருப்பது ஜனாதிபதி நிதியம். இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற சிகிச்சைகளுக்கு அது உதவுகிறது. ஆனால் காப்புறுதிபோல உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தோட்டை அடகு வைக்கும் முன் வைத்திய அறிக்கையோடு கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். அங்கிருந்து ஹல்துமுல்லை பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பெற்றோருக்குப் படிவம் நிரப்பத் தெரியாவிட்டால், படித்த பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள்.