தோற்றால் குழுவே இல்லை! – ஜப்பான் சக்கரவர்த்தி கோப்பையின் கதை

கால்பந்து ஆட்டத்தில் தோற்றால் என்ன ஆகும்? கோப்பை கைநழுவிப் போகும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் 1998-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு குழுவுக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. குழுவைக் கலைத்துவிடுவது என்று முதலாளிகள் முடிவு செய்துவிட்டார்கள். ஆட வேண்டியது கடைசியாக ஒரே ஒரு போட்டி. அதில் எந்த நாள் தோற்கிறார்களோ, அந்த நாளோடு குழு முடிந்தது!

அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் ஆடிய போட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் 'சக்கரவர்த்தி கோப்பை'. ஜப்பானில் மிகப் பழமையான கால்பந்துப் போட்டிகளில் அதுவும் ஒன்று.

வெள்ளிக் கோப்பை வந்தது

1919-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஜப்பானுக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசாக அனுப்பியது. நாட்டிலேயே சிறந்த குழுவுக்கு இதைக் கொடுங்கள் என்பது அதன் நோக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. அப்போது ஜப்பானில் தேசியக் கால்பந்துச் சங்கமே கிடையாது! கோப்பை வந்துவிட்டது, கொடுப்பதற்குச் சங்கம் இல்லை. ஆகவே சங்கம் அமைக்கும் வேலை தொடங்கியது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பான் கால்பந்துச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோ நகரில் உள்ள ஹிபியா பூங்காவில் முதல் போட்டி நடந்தது. டோக்கியோக் குழு 1–0 என்ற கணக்கில் வென்று, வெள்ளிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

பிறகு யுத்தம் வந்தது. 1941 முதல் 1945 வரை போட்டி நடக்கவில்லை. யுத்தத்துக்கு உலோகம் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த வெள்ளிக் கோப்பையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. போனது போனதுதான். திரும்பி வரவில்லை.

யுத்தம் முடிந்து, நாடு மெல்ல எழுந்தது. 1947-ஆம் ஆண்டு கிழக்கு ஜப்பானும் மேற்கு ஜப்பானும் மோதிய கால்பந்து ஆட்டத்தைச் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ நேரில் வந்து பார்த்தார். மறு ஆண்டு அரண்மனையில் இருந்து ஒரு கோப்பை வந்தது. 1951 முதல் அந்தக் கோப்பை, நாடு தழுவிய இந்தப் போட்டியில் வெல்லும் குழுவுக்கு வழங்கப்படுகிறது. சக்கரவர்த்தி கோப்பை என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

பழைய வெள்ளிக் கோப்பையை இங்கிலாந்துச் சங்கம் மறக்கவில்லை. 2011-ஆம் ஆண்டு அதே போல இன்னொரு கோப்பை செய்து ஜப்பானுக்குக் கொடுத்தது.

யாரும் ஆடலாம்

இந்தப் போட்டியில் சிறப்பு என்ன? சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களும், சம்பளம் இல்லாமல் ஆசைக்காக ஆடுகிறவர்களும் ஒரே மைதானத்தில் மோதுவதுதான்.

முன்பு சில குழுக்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டியில் சேர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு கதவு அகலத் திறந்தது. சங்கத்தில் பதிவு செய்த குழுக்கள் எல்லாம் தம் வட்டாரப் போட்டியில் ஆடி முன்னேறலாம் என்று ஆயிற்று. கல்லூரி மாணவர்கள் வரலாம். தொழிற்சாலைச் சிப்பந்திகள் வரலாம். சிற்றூர்க் குழுவும் வரலாம்.

ஜப்பானில் 47 மாவட்டங்கள் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் தனித்தனியாகப் போட்டி நடக்கும். அதில் வெல்லும் குழு மாவட்டத்தின் சார்பில் பெரிய போட்டிக்குப் போகும். அங்கே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவுத் தொழில்முறைக் குழுக்கள் காத்திருக்கும்.

2024-ஆம் ஆண்டு இப்படி 88 குழுக்கள் களத்தில் இறங்கின. இங்கே விதி ஒன்றுதான். தோற்றால் வெளியே! இன்று தோற்று நாளை ஈடு கட்டலாம் என்பது கிடையாது. ஆட்டம் சமமாக முடிந்தால் இன்னும் 30 நிமிடம் ஆட வேண்டும். அதிலும் சமம் என்றால் பெனால்டி. இரண்டு தரப்பிலும் ஐந்து ஐந்து பேர் வந்து, கோல் கீப்பரை எதிர்த்துத் தனியாகப் பந்தை உதைப்பார்கள். எப்படியும் அன்றைக்கே ஒரு குழு வெளியேற வேண்டும். 88 குழுக்களில் 87 குழுக்கள் தோற்றுத்தான் வீடு திரும்பும். தோற்காத குழு ஒன்றே ஒன்றுதான்.

மாணவர்களும் தொழிலாளிகளும்

லீக் பந்தயம் என்றால் ஆண்டு முழுவதும் ஆட வேண்டும். பணமும் ஆள்பலமும் உள்ள குழுதான் கடைசியில் மேலே நிற்கும். இங்கே அப்படி அல்ல. ஒரே ஒரு நாள் உயிரைக் கொடுத்து ஆடினால், சிறியவனும் பெரியவனைச் சாய்த்துவிடலாம்.

1966-ஆம் ஆண்டுப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு குழுக்கள் வந்தன. ஒன்று, ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ என்ற மோட்டார் கம்பெனியின் குழு. அந்த ஆண்டு லீக் பந்தயத்தில் முதல் இடம் அதற்குத்தான். மற்றொன்று, வசேடா பல்கலைக்கழக மாணவர்கள். மாணவர்கள் 3–2 என்று வென்றார்கள்! பல்கலைக்கழகக் குழு ஒன்று கோப்பையை வென்றது அதுவே கடைசித் தடவை.

கோப்பையை வெல்லாவிட்டாலும், பெரிய குழுக்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையை மாணவர்கள் விடவில்லை. 2017-ஆம் ஆண்டு ட்சுகுபா பல்கலைக்கழக மாணவர்கள், முதல் பிரிவைச் சேர்ந்த வெகால்ட்டா செண்டாய் குழுவை 3–2 என்று தோற்கடித்தார்கள். அதில் இரண்டு கோல் போட்ட மாணவர் மிட்டோமா கவோரு. பின்னால் இங்கிலாந்து போய்ப் பெயர் வாங்கிய அதே மிட்டோமாதான். 2024-ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் வேறு மாணவர்கள், அப்போது முதல் பிரிவில் முன்னணியில் இருந்த மச்சிடா ஜெல்வியா குழுவைப் பெனால்டியில் வீழ்த்தினார்கள்.

தொழிலாளிகளும் சளைத்தவர்கள் அல்ல. ஹமமட்சு நகரில் ஹோண்டா கம்பெனிச் சிப்பந்திகள் ஆடும் குழு ஒன்று உண்டு. தொழில்முறைப் பிரிவுகள் மூன்றுக்கும் கீழே, நான்காம் படியில் உள்ள குழு அது. 2019-ஆம் ஆண்டு சப்போரோ, உராவா என்ற இரண்டு முதல் பிரிவுக் குழுக்களை அது தோற்கடித்தது. கால் இறுதி வரை போய், காஷிமா குழுவிடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றது.

42 வயதில் ஒரு உதை

கோஃபு என்பது பியூஜி மலைக்கு அருகே உள்ள ஊர். திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போன வட்டாரம். அந்த ஊர்க் குழு 2022-ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவில் இருந்தது. அங்கேயும் 22 குழுக்களில் 18-வது இடம்தான்.

அந்தக் குழு சக்கரவர்த்தி கோப்பையில் முதல் பிரிவுக் குழுக்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது! எதிரே ஹிரோஷிமா. பழைய மோட்டார் கம்பெனிக் குழுவின் வழிவந்த பலமான குழு.

அக்டோபர் 16-ந் தேதி யோகோஹாமாவில் ஆட்டம். முதல் கோல் கோஃபுவுக்கு. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் ஹிரோஷிமா ஒரு கோல் போட்டது. சமம். கூடுதல் நேரம் தொடங்கியது.

கோஃபுவில் யமமோட்டோ ஹிடியோமி என்ற ஆட்டக்காரர். வயது 42. 2003 முதல் அதே குழுவில் ஆடி வருபவர். கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் அவரை இறக்கினார்கள். இறங்கிச் சில நிமிடங்களில் பந்து அவர் கையில் பட்டுவிட்டது. பெனால்டி! இருபது ஆண்டு உழைப்பும் ஒரு நொடியில் போய்விடும் போல இருந்தது.

கோல் கீப்பர் கவாட்டா கோஹெய் பாய்ந்து அந்தப் பந்தைத் தடுத்துவிட்டார்!

கூடுதல் நேரம் சமமாக முடிந்தது. ஐந்து ஐந்து உதைகள். ஹிரோஷிமாவின் நான்காவது உதையையும் கவாட்டா தடுத்தார். கோஃபுவின் ஐந்தாவது உதை உள்ளே போனால் கோப்பை அவர்களுக்கு. உதைக்க வந்தவர் யார் தெரியுமா? அதே யமமோட்டோ! பந்து வலைக்குள் போயிற்று. 5–4. கோப்பை கோஃபுவுக்கு.

இந்த வெற்றியால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆடும் உரிமையும் கிடைத்தது. 2023-ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே, தன் தொகுதியில் முதல் இடத்தைப் பிடித்தது கோஃபு.

முதலாளிகளின் முடிவு

சின்னக் குழுவுக்கு இந்தப் போட்டி வாசல் திறந்த கதை இது. சாகப்போன குழுவுக்கு இதே போட்டி என்ன செய்தது? 1998-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அந்தக் குழுவின் பெயர் யோகோஹாமா பிளூகெல்ஸ். பிளூகெல் என்றால் ஜெர்மன் மொழியில் சிறகு. ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனி குழுவுக்குப் பணம் கொடுத்து வந்தது. சாட்டோ கோக்யோ என்ற கட்டடக் கம்பெனியும் கூட்டு. 1990-க்குப் பிறகு ஜப்பானில் வியாபாரம் மந்தம். கட்டடக் கம்பெனி விலகிக்கொண்டது. தனியாகச் செலவைத் தாங்க விமானக் கம்பெனி தயாராக இல்லை.

அதே ஊரில் மாரினோஸ் என்ற இன்னொரு குழு இருந்தது. அது நிஸ்ஸான் மோட்டார் கம்பெனியின் குழு. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று இரண்டு கம்பெனிகளும் பேசி முடித்தன. சேர்ப்பது என்று பெயர்தான். உண்மையில் பிளூகெல்ஸ் மறையப் போகிறது.

1998 அக்டோபர் 29-ந் தேதி செய்தி வெளிவந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனிகளிடம் மன்றாடினார்கள். முடிவு மாறவில்லை.

ஆட்டக்காரர்களும் தொழிலாளிகள்தானே? அடுத்த ஆண்டு வேலை எங்கே என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. ஆனாலும் மைதானத்தில் மனத்தைத் தளரவிடவில்லை. அறிவிப்புக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தில் 7–0 என்று வென்றார்கள். மீதி இருந்த நான்கு லீக் ஆட்டங்களிலும் வெற்றி!

பிறகு வந்தது சக்கரவர்த்தி கோப்பை. தோற்றால் வெளியே என்ற விதி எல்லோருக்கும் உண்டு. இவர்களுக்கு மட்டும், வெளியே போனால் திரும்பி வர இடம் இல்லை.

முதல் இரண்டு ஆட்டங்களில் சிறிய குழுக்களை வென்றார்கள். கால் இறுதியில் பலம் மிக்க இவாட்டா குழு. 2–1 என்று வெற்றி. அரை இறுதியில் அந்த ஆண்டின் லீக் சாம்பியன் காஷிமா. 1–0 என்று வெற்றி. ஒவ்வொரு வெற்றியும் குழுவின் ஆயுளைச் சில நாள் நீட்டியது.

புத்தாண்டு நாள்

1969 முதல் சக்கரவர்த்தி கோப்பை இறுதி ஆட்டத்தைப் புத்தாண்டு நாளில் நடத்துவது வழக்கமாக இருந்தது. இப்போது அந்தத் தேதி மாறிவிட்டது. 1999 ஜனவரி 1-ந் தேதி டோக்கியோ தேசிய மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. எதிரே ஷிமிசு குழு.

அன்று வென்றாலும் பிளூகெல்ஸ் பிழைக்காது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆடினார்கள்.

13-வது நிமிடம் ஷிமிசு முதல் கோல் போட்டது. இடைவேளை வரும் சமயம் பிளூகெல்ஸ் ஆட்டக்காரர் குபோயாமா ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தினார். 73-வது நிமிடம் யோஷிடா டக்கயுக்கி என்ற 21 வயது வாலிபர் பந்தை வலைக்குள் அடித்தார். 2–1! அறிவிப்புக்குப் பிறகு ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. காப்டன் யமகுச்சி கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

கோப்பை கையில். ஆனால் குழு இல்லை. தோற்காமலே மறைந்தது பிளூகெல்ஸ். மாரினோஸ் குழுவின் பெயரில் 'எப்' என்ற ஓர் எழுத்தாக மட்டும் ஒட்டிக்கொண்டது.

ரசிகர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. தாங்களே சந்தா கட்டி ஒரு புதுக் குழுவை ஆரம்பித்தார்கள். யோகோஹாமா எப்.சி. என்பது அதன் பெயர். 1999-ஆம் ஆண்டு கீழ்ப்படியில் இருந்து தொடங்கியது அந்தக் குழு. 2001-ல் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. 2007-ல் முதல் பிரிவில் ஆடியது.

கடைசிக் கோல் போட்ட யோஷிடா என்ன ஆனார்? பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். 2024 நவம்பர் 23-ந் தேதி சக்கரவர்த்தி கோப்பை இறுதி ஆட்டம். ஒசாக்காக் குழுவை 1–0 என்று வென்று கோப்பையைப் பெற்றது விஸ்ஸெல் கோபே. அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர், அன்றைய அந்த 21 வயது வாலிபர்தான்!