ராடியேட்டருக்கு உகந்த நீர்

கோடை விடுமுறைக்கு டோம்பிவிலியிலிருந்து மோட்டார் வண்டியில் ஊருக்குப் புறப்படுவோர், ராடியேட்டரைக் கழுவிக்கொள்வது நல்ல முன்னேற்பாடு. கண்டாலா மலைப்பாதையில் எஞ்சின் கொதித்து, குழந்தைகளோடு நடுவழியில் நிற்க நேர்ந்தால் படும் துன்பத்தை நாம் அறிவோம். ஆனால் எந்த நீரால் கழுவுவது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

நமக்குக் குழாய் வழியே வருவது உல்லாஸ் ஆற்று நீர். அது வராத நாட்களில் ஆழ்துளைக் கிணறே துணை. இப்பகுதியின் நிலத்தடி நீர் எரிமலைக் கரும்பாறை வெடிப்புகளில் தங்குவதால், கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அத்தகைய கடின நீரில் சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தோன்றும். அதே படிவு எஞ்சினின் உட்சுவரிலும் ராடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிகிறது. அஃது உலோகத்தைப் போல் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சின் சூடேறுகிறது.

மழைநீர் ஆகாதா எனில், அது மென்னீரே. ஆயினும் புகையையும் கூரைத் தூசியையும் ஏந்தி வரும். 2014 ஜனவரியில் டோம்பிவிலியில் பச்சை நிற மழை பெய்ததாகச் செய்திகள் வந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடினம் நீக்கும் கருவியில் வந்த நீரும் வேண்டா. அக்கருவி கால்சியத்திற்குப் பதிலாகச் சோடியத்தைச் சேர்க்கிறதேயன்றி, அலுமினியத்தை அரிக்கும் குளோரைடை நீக்குவதில்லை.

எனவே உகந்தது காய்ச்சி வடித்த நீரே. பாட்டரி கடைகளில் அது கிடைக்கும். முழுதும் அதனாலேயே கழுவ வேண்டுமென்பதில்லை. முதலில் தெளிந்த குழாய் நீரால் அழுக்குப் போகக் கழுவி வடித்துவிடலாம். ஆனால் வடித்த பின்னும் எஞ்சினின் வளைவுகளில் சிறிது நீர் தங்கும். ஆதலால் கடைசி இரண்டு முறையேனும் வடித்த நீரால் கழுவுதல் வேண்டும்.

பின்னர் வெறும் நீரை நிரப்பி விட்டுவிடலாகாது. அதில் துருவைத் தடுக்கும் மருந்து இல்லை. வண்டியின் கையேடு கூறும் கூலண்டை, அது கூறும் அளவில் வடித்த நீருடன் கலந்து ஊற்றுக. பெரும்பாலும் இரண்டும் சரிபாதி. கலந்தே விற்கும் கூலண்டாயின் நீர் சேர்க்க வேண்டா.

எஞ்சின் நன்கு ஆறுமுன் மூடியைத் திறவாதீர். கொதிநீர் முகத்தில் பீறிடும். வடித்தெடுத்த பழைய கூலண்டு இனிப்பான நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் மூடி வைத்து, பழுது பார்க்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடுக; சாக்கடையில் ஊற்றற்க.